'முன்மருந்து' போதுமா? 'ஆகுமருந்து' என்று ஒரு யோசனை

அன்புள்ள நண்பர்களுக்கு,

நொதிகள் (என்சைம்கள்) பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் போடும்போது 'புரோடிரக்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். விழுங்கும்போது மருந்தாக இல்லாமல், உள்ளே போய் நொதிகளின் கையில் பட்ட பிறகே மருந்தாகிற பொருள். 1958-இல் ஏட்ரியன் ஆல்பர்ட் வைத்த பெயர் அது. நாம் 'முன்மருந்து' என்று எழுதுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்து, சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை என்றுதான் யாரும் படிப்பார்கள்.

யாழ்ப்பாணத்து ஐயா முந்தைய மடலில் எழுதியது:

> பொதிமருந்து எனலாம். கட்டுச்சோற்றுப் பொதியைப் போல, உரிய இடத்தில் நொதியம் அவிழ்க்கும்.

அழகான சொல். சோபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கு அப்படியே பொருந்தும். அது வேலை செய்ய பாஸ்பேட் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பாஸ்பேட் மின்னேற்றம் கொண்டது, செல் சவ்வைத் தாண்டாது. அதனால் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்விகன் வகுத்த உத்தியில், முதல் பாஸ்பேட்டின் மேல் ஓர் அமினோ அமில எஸ்டரையும் ஒரு பீனாலையும் போர்த்தி அனுப்புகிறார்கள். கல்லீரல் நொதிகள் போர்வையை உரித்துவிடும். 2013-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி நோய்க்கு அனுமதி பெற்றது அது.

ஆனால் எல்லாமே உரிக்கிற கதையா? போன வருடம் அம்மாவுக்கு அக்கி வந்தது. குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொண்ட கையோடு மருத்துவரிடமும் போனோம். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை. கைப்பேசியில் ஐந்து அலாரம் வைத்தும் ஒரு வேளை தவறிவிடும். அந்த மாத்திரை, மரபுச் சரத்தில் கோர்க்கும் மணிகளில் ஒன்றான குவானோசின் ஜாடைதான், சர்க்கரை வளையம் மட்டும் அறுந்துபோனது. அப்படியே இருந்தால் வைரஸை ஒன்றும் செய்யாது. தொற்றிய செல்லில் வைரஸின் சொந்த நொதியான தைமிடின் கைனேஸ் அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மற்ற இரண்டையும் நம் செல்லின் நொதிகள் ஒட்டுகின்றன. மூன்றும் சேர்ந்த பிறகுதான் வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் (சரம் கோர்க்கும் நொதி) அதைத் தன் சரக்கென்று நம்பி எடுத்துக் கோர்க்கும். அடுத்த மணியை மாட்டக் கொக்கி இருக்காது, சரம் அங்கேயே நின்றுவிடும். (திருடன் கையாலேயே பூட்டைப் போட வைத்த வேலை. 1988 நோபல் பரிசில் பங்குபெற்ற கெர்ட்ரூட் எலியன் குழுவினுடையது.) இங்கே எதையும் அவிழ்க்கவில்லை, ஒட்டுகிறார்கள். பொதி எங்கே?

'விளைமருந்து' என்று யோசித்துப் பார்த்தேன். விளைபொருள் என்பது வினையின் முடிவில் கிடைப்பது, பொருள் தலைகீழாகிவிடும். 'கருமருந்து' வேண்டவே வேண்டாம், கருக்கலைப்பு ஞாபகம்தான் வரும்.

அப்புறம் தோன்றியது 'ஆகுமருந்து'. ஆகுபெயரைப் போல வினைத்தொகை. உரித்தாலும் ஒட்டினாலும், ஆவதுதானே பொது?

---

வணக்கம் தம்பி,

பொதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் அசைக்ளோவிர் உதாரணம் சரிதான். ஒரு தடை மட்டும். 'எனக்கு அந்தக் குளிசை ஆகாது' என்று சனம் சொல்லும். அப்போது ஆகுமருந்து என்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற மருந்து என்று விளங்காதா?

---

ஐயா,

தடை நியாயமானது. பேச்சில் சொன்னால் அப்படிக் கேட்க வாய்ப்புண்டு. ஆனால் ஆகுபெயரை 'ஒத்துக்கொள்ளும் பெயர்' என்று யாரும் படிப்பதில்லையே. இலக்கண வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு 'ஆகு' என்ற முன்னொட்டு எதற்கு வரும் என்று தெரியும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. அலாரத் தொல்லையைச் சொன்னதும் மருத்துவர் வாலசைக்ளோவிருக்கு மாற்றிக் கொடுத்தார், நாளைக்கு மூன்றே வேளை. அது அசைக்ளோவிரின் மேல் வாலின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றியது. குடலில் நன்றாக உறிஞ்சப்படும். குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி வாலினைக் கழற்றிவிட, அசைக்ளோவிர் ஆகிறது. அது பிறகு பாஸ்பேட் ஏறி மருந்தாகிறது. முதலில் அவிழ்ப்பது, அடுத்து ஒட்டுவது, இரண்டும் ஒரே மாத்திரையில். இதற்கு இலக்கணக்காரர்களிடம் பெயர் தயாராக இருக்கிறது. கருநிறத்துக்கான 'கார்' மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து பருவத்துக்கு ஆனால் இருமடியாகுபெயர். அப்படியானால் வாலசைக்ளோவிர் இருமடியாகுமருந்து!

பொதியையும் விட வேண்டாம். போர்வை போட்டு அனுப்பும் சோபோஸ்புவிர் வகைக்கு மட்டும் 'பொதி நியூக்ளியோடைடு' (பாஸ்பேட் ஏறிய மணிதான் நியூக்ளியோடைடு) என்று வைத்துக்கொள்ளலாமா? பட்டியலில் இப்போதைக்கு ஆகுமருந்து என்று போட்டு, பக்கத்தில் முன்மருந்தையும் விட்டுவைக்கிறேன். நொதியா நொதியமா என்ற பழைய வழக்கை இந்த மடலில் கிளப்பவில்லை.