33ஆம் ஒழுங்கைக்கு யார் யார்?

குழு: கோண்டாவில் வீட்டார்

செவ்வாய்க்கிழமை

நான், இரவு 8:41
சனிக்கிழமை காலை ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீட்டைப் பார்க்கப் போகிறோம். கொள்ளுப்பிட்டி, பகத்தலே வீதி, 33ஆம் ஒழுங்கை, 11ஆம் இலக்கம். நினைத்த நேரத்தில் போய் மணியடிக்க ஏலாது, முன்கூட்டியே பதிய வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றிரவே சொல்லுங்கள்.

அம்மா, 8:44
யார் அந்தப் பாவா?

தங்கச்சி, 8:44
அம்மா! மொறட்டுவையில் மூன்று வருடமாகக் கட்டடக்கலை படிக்கிறேன். மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அவரைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

அம்மா, 8:46
நான் உங்கள் லெக்சரர் என்று நினைத்தேன்.

பெரியப்பா, 8:59
கோட்டேயில் பாராளுமன்றத்தை வடிவமைத்தவர். 1919இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து அப்புக்காத்தாக, அதாவது வழக்கறிஞராக வந்தார். அந்தத் தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. 1948இல் பெந்தோட்டைப் பக்கம் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார், அதுதான் லுணுகங்க. தோட்டத்தைத் தன் மனதில் இருந்தபடி மாற்றப் பார்த்தார். ஆசை இருந்தது, கட்டத் தெரியவில்லை. திரும்ப லண்டனுக்குப் போய்ப் படித்து 1957இல் கட்டடக்கலைஞராக வெளியே வந்தார். அப்போது வயது 38.

சின்ன மாமா (யாழ்), 9:03
38 வயதில் அத்தான் எனக்கு வேலை தேடித் தந்துகொண்டிருந்தார்.

கனடாச் சித்தி, 9:10
இங்கே காலை. நான் வர முடியாது என்று தெரியும், ஆனாலும் என் பெயரையும் போடுங்கள். படம் அனுப்ப மறக்கக் கூடாது.

அம்மா, 9:15
படி ஏற வேண்டுமா? முழங்கால்.

நான், 9:16
கீழ்த்தளம்தான் முக்கியம் அம்மா. மேலே மாடமும் மொட்டை மாடியும் இருக்கின்றன. ஏலாவிட்டால் கீழே இருக்கலாம்.

அம்மா, 9:17
அப்போ வருகிறேன். காசு எவ்வளவு என்று கேட்க மாட்டேன், சொல்லவும் வேண்டாம்.

புதன்கிழமை

சின்ன மாமா (யாழ்), காலை 6:20
(படம்)
முற்றத்துக்குள் நேற்றைய மழை. திங்கட்கிழமை மேசன் வருகிறார். கொங்கிறீற் போட்டு மூடப் போகிறோம். எல்லாருக்கும் அறிவித்தல்.

அம்மா, 6:22
எந்த முற்றத்தை?

சின்ன மாமா (யாழ்), 6:23
வீட்டில் வேறு எந்த முற்றம் இருக்கிறது அக்கா?

அம்மா, 6:24
நடு முற்றத்தையா? ஐயா கட்டிய நாற்சார் வீட்டில் முற்றத்தை மூடினால் மிச்சம் என்ன? நாலு இருட்டறை.

மாமி (யாழ்), 6:31
மச்சாள், கோபிக்காதீர்கள். மாரியில் விறாந்தை முழுக்கத் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று தரம் துடைக்கிறேன். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறவர்களுக்கு முற்றம் அழகு. கூட்டுகிறது நான்.

கனடாச் சித்தி, 6:40
மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முற்றத்தில்தானே எங்கள் எல்லாருக்கும் தலைவாரிப் பேன் பார்த்தது!

சின்ன மாமா (யாழ்), 6:42
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 6:50
தம்பி, நீக்கியதை நான் வாசித்துவிட்டேன். பரவாயில்லை.

வியாழக்கிழமை

தங்கச்சி, மாலை 5:12
முற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டா? சண்டை பிடிக்க இல்லை. பாவா 1960க்கும் 62க்கும் இடையில் கொள்ளுப்பிட்டியில் அல்பிரட் பிளேசில் ஏனா டி சில்வா என்ற, மெழுகும் சாயமும் வைத்துச் செய்கிற ‘பத்திக்’ துணிக் கலைஞருக்கு வீடு கட்டினார். நகரத்துக் காணி, சுற்றி வீடுகள். ஜன்னலை வெளியே திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதனால் வீட்டையே உள்ளே திருப்பிவிட்டார். வெளியே மதில், நடுவில் முற்றம், சுற்றி விறாந்தை. கொழும்பு அந்தக் காலத்தில் பங்களாவை மட்டுமே வீடு என்று நினைத்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் எப்போதும் வைத்திருந்ததை அவர் கொழும்பில் திரும்பக் கொண்டுவந்தார்.

சின்ன மாமா (யாழ்), 5:20
அந்த வீடு இப்போது இருக்கிறதா?

தங்கச்சி, 5:21
அந்த இடத்தில் இல்லை. காணி விற்கப்பட்டது. 2009க்குப் பிறகு கல், ஓடு, கதவு என்று இலக்கம் போட்டுக் கழற்றி, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள்.

மாமி (யாழ்), 5:24
முழு வீட்டையுமா?

தங்கச்சி, 5:24
முழு வீட்டையும் மாமி.

பெரியப்பா, 5:48
இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். 1967 முதல் சுமார் இருபது வருடம் பாவாவின் பங்காளியாக இருந்த பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம். எங்களுடைய ஆள். பாராளுமன்றக் கட்டட வேலை நடந்த காலத்தில் கந்தோரை நிர்வகித்ததும் அவர். 1979இல் வேலையைக் கொடுத்து 1982 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் மேட்டில் செப்புக் கூரை. மூன்று வருடத்தில்! எங்கள் திணைக்களத்தில் ஒரு மதகுக்கு அதைவிடக் கூடுதலான காலம் எடுத்தோம்.

அம்மா, 5:55
அத்தான், நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்களா?

பெரியப்பா, 5:56
ஒரு கூட்டத்தில் தூரத்தில் நின்று பார்த்தேன். அதைச் சந்திப்பு என்று எழுத முடியாது.

பெரியப்பா, 6:10
2022 மாசியில் கொழும்பு பார்க் ஸ்ட்ரீட் மியூஸில் பாவாவின் கந்தோர் வரைபடங்களைக் கண்காட்சி வைத்தார்கள். மின்வெட்டுக் காலம். நான் போனேன். ஒரு வீட்டு வரைபடத்தில் வீட்டைவிட மரம் கவனமாக வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு இலையும். முதலில் மரத்தை வரைந்து, அது நிற்கிற இடத்தை விட்டுத்தான் சுவர். நான் வேலையில் இருந்தபோது மரத்தை ஒரு வட்டம் போட்டுக் காட்டுவோம், பிறகு அந்த வட்டத்தைத் தறிப்போம்.

சனிக்கிழமை

நான், காலை 9:35
பெரியப்பா, எங்கே நிற்கிறீர்கள்?

பெரியப்பா, 9:36
திறீவீல்காரர் 33ஆம் ஒழுங்கை என்றதும் வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார். இப்போது திரும்பி வருகிறோம்.

நான், மதியம் 12:20
முடிந்தது. பேர வாவிக்குப் போகிற வழியில் எழுதுகிறேன். கராஜில் பழைய ரோல்ஸ் ரொய்ஸ். அங்கிருந்து நீள வெள்ளை நடை, அதன் முடிவில் வெளிச்சம். நான்கு சின்ன வீடுகளாக இருந்ததை 1958இலிருந்து பத்து வருடத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஒன்றாக்கியிருக்கிறார். எங்கே வீடு முடிகிறது, எங்கே வெளி தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. மூலைக்கு மூலை வானத்துக்குத் திறந்த சின்னக் குழிகள். பெரியப்பா தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்களாம்.

சின்ன மாமா (யாழ்), 12:31
அக்கா எங்கே?

அம்மா, 12:52
இங்கே இருக்கிறேன். தட்டச்சு செய்ய நேரம் எடுக்கும், பொறு.

அம்மா, 1:09
தம்பி, நாங்கள் உள்ளே இருக்கும்போது மழை பெய்தது. அந்தச் சின்ன முற்றத்துக்குள் நேராக விழுந்தது. எங்கள் மாட்டுக்கொட்டிலைவிடச் சின்ன முற்றம். நான் நடையில் நின்று பார்த்தேன், என் கால் நனையவில்லை. விளக்கம் சொன்ன பிள்ளை மழையைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெளியே கொள்ளுப்பிட்டி வாகனச் சத்தம், உள்ளே மழைச் சத்தம் மட்டும். வெள்ளவத்தைப் பிளட்டில் நான் மழையைக் கேட்டு வருடக்கணக்கு. இங்கே மழை என்றால் கதவைச் சாத்துவதுதான்.

மாமி (யாழ்), 1:14
அவர்களுக்கு ஏன் தண்ணீர் தெறிக்கவில்லை?

தங்கச்சி, 1:20
மாமி, இதுதான் சரியான கேள்வி. மாமா புதன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முற்றத்தில் பிழை இல்லை. கிழக்குப் பக்கக் கூரையின் பீலி துருப்பிடித்துப் பாதி விழுந்துவிட்டது. அந்தப் பக்கத் தண்ணீர் முழுவதும் விறாந்தை விளிம்பில் விழுகிறது. தரையில் தண்ணீர் போகிற துளையையும் யாரோ சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள்.

சின்ன மாமா (யாழ்), 1:24
யாரோ இல்லை. நான்தான். பாம்பு வந்தது.

கனடாச் சித்தி, 1:30
கம்பி வலை போட்டிருக்கலாமே தம்பி!

மாமி (யாழ்), 1:33
அந்தப் பீலியை மாற்றச் சொல்லி நான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன் என்று இந்தக் குழுவில் எழுதட்டா?

சின்ன மாமா (யாழ்), 1:34
எழுத வேண்டாம்.

தங்கச்சி, 1:41
கூரை ஒழுக்குக்கும் பாவாவிடம் ஒரு வழி இருக்கிறது. கீழே நெளிந்த சீமெந்துத் தகடு, அதன் மேல் அரைவட்ட ஓடு. தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். ஓடு ஒன்று உடைந்தாலும் வீட்டுக்குள் சொட்டாது. ஆனால் அந்தக் காலத்துத் தகட்டில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, இப்போது அது இல்லாததைத்தான் பார்க்க வேண்டும்.

நான், 2:15
(படம்)
சீமமாலக்க. தண்ணீருக்கு மேலே மேடைகள், நடுவில் பாலங்கள், நீல ஓடு. பௌத்த மண்டபம், வடிவமைத்தவர் பாவா, பணம் கொடுத்தது மகனை இழந்த ஒரு முஸ்லிம் பெற்றோர். பாவாவின் தகப்பன் வழியும் முஸ்லிம்தான். பெரியப்பா படியில் இருந்து காற்று வாங்குகிறார். எழும்புகிற எண்ணம் இல்லை.

பெரியப்பா, 2:19
எழும்பிவிட்டேன். பசிக்கிறது. அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய கந்தோர் இப்போது கபேயாக இருக்கிறது, அங்கே போகலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு வெள்ளவத்தையில் சோறு போதும்.

தங்கச்சி, 2:20
கேக் மட்டும் பெரியப்பா. ஒரே ஒரு கேக்.

அம்மா, 2:26
அடுத்த மாதம் லுணுகங்க. அளுத்கம வரைக்கும் ரெயிலில் போகலாம். அந்தத் தோட்டத்தில் இடத்துக்கு இடம் மணி தொங்குமாம், தேநீர் வேண்டுமென்றால் அடிப்பாராம். எங்கள் வீட்டில் நான் கத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

சின்ன மாமா (யாழ்), காலை 7:05
மேசனாரோடு கதைத்தேன். நாளைக்கு வருகிறார். பீலி அளக்க.

அம்மா, 7:06
சரி தம்பி.

மாமி (யாழ்), 7:08
துளைக்குக் கம்பி வலையும். நான் பக்கத்தில் நிற்பேன்.

சின்ன மாமா (யாழ்), 7:15
இன்னொன்று. முற்றத்துத் தூண் நாலில் தென்மேற்குத் தூணின் அடியில் கரையான். ஐயா வைத்த பலா மரத் தூண். அதற்கு என்ன செய்வது அத்தான்?

பெரியப்பா, 7:17
தட்டிப் பார்த்தாயா? எந்த உயரம் வரைக்கும் பொள்ளலாகக் கேட்கிறது?

சின்ன மாமா (யாழ்), 7:24
முழங்கால் உயரம். அதற்கு மேலே கல் மாதிரி.

பெரியப்பா, 7:25
அப்போ தப்பும். மேசனுக்குக் கையை வைக்க விடாதே, நல்ல தச்சனாகப் பார். படம் அனுப்பு.