அரச குடும்பத்துக் கல்யாண கவுன்கள்: உங்கள் ஓட்டு யாருக்கு?

மாலைநிலா:
பிரிட்டிஷ் அரச குடும்பத்து மருமகள்கள் டயானா, கேட், மேகன் மூன்று பேருடைய கல்யாணப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகனின் கவுனை ஆஹா ஓஹோ என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் வேலைப்பாடே தெரியவில்லை, வெறும் வெள்ளைத் துணியாகத்தான் இருக்கிறது. டயானாவுடையது அன்றைக்கே கசங்கிப்போனதாகச் சொல்கிறார்கள். தையல் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்: வடிவமைப்பாளரின் திறமையை எதை வைத்துச் சொல்வது?

ஊசிக்காரி:
மணப்பெண் உடை தைப்பதுதான் என் தொழில். என் ஓட்டு கேட்டின் கவுனுக்கு, அதாவது அலெக்சாண்டர் மெக்குவீன் நிறுவனத்தில் அப்போது இருந்த சாரா பர்ட்டனுக்கு. 2011 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எடுத்த படங்களில் கைப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே லேஸ் துண்டை வெட்டித் தைத்தது போலத் தெரியும். உண்மையில் ரோஜா, திஸில், டாஃபடில், ஷாம்ராக் என்று ஒவ்வொரு பூவையும் லேஸிலிருந்து தனியாக வெட்டியெடுத்து, பட்டு வலைத்துணி மேல் பொருத்தி, ஓரம் முழுக்க இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போட்டிருக்கிறார்கள். செய்தவர்கள் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இயங்கும் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் ஆட்கள். அரை மணிக்கொரு தடவை கை கழுவ வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு புது ஊசி. வெள்ளையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கையில் லேசாக எண்ணெய்ப் பசை இருந்தாலே நூல் மங்கிவிடும், முனை மழுங்கிய ஊசி வலையின் இழையை இழுத்துவிடும்.

பூ விழுந்திருக்கும் இடங்களையும் கவனியுங்கள். லேஸில் எனக்கு எப்போதும் தலைவலி மூட்டுதான், அதாவது இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் தையல். பூவின் நடுவில் மூட்டு வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பூக்களைத் தனித்தனியாக வைத்ததால், மூட்டு வரும் இடத்தில் ஒரு இலையையோ இதழையோ வைத்து மறைக்க வழி கிடைத்தது. அழகும் வசதியும் ஒரே யோசனையில் கிடைத்திருக்கிறது. இதைத்தான் நான் திறமை என்பேன்.

மேகனின் கவுன் வெறும் துணி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிவான்ஷி என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்துக்காக கிளேர் வெயிட் கெல்லர் செய்த அந்த உடையில் மொத்தமே ஆறு மூட்டுகள்தான். எம்பிராய்டரி இருந்தால் தையல் பிசகை அதன் அடியில் ஒளிக்கலாம். வழவழவென்ற வெற்றுப் பட்டில் ஒரு மூட்டு நூலளவு விலகினாலும் முகத்தில் அடித்தாற்போலத் தெரியும். ஆனால் தோளுக்குக் கீழே கொஞ்சம் தொளதொளப்பு இருந்தது, அது எனக்கு உறுத்தியது. வேலைப்பாடு தேடுகிறீர்கள் என்றால் அந்த ஐந்து மீட்டர் முக்காட்டைப் பாருங்கள். அப்போது காமன்வெல்த்தில் இருந்த 53 நாடுகளுக்கும் ஆளுக்கொரு பூ அதன் ஓரத்தில் இருக்கிறது.

பழையஆல்பம்:
கசங்கினால் என்ன? 1981இல் லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயப் படிக்கட்டில் டயானா இறங்கியபோது கவுனுக்குப் பின்னால் இழுபடும் அந்த 25 அடித் தோகை விரிந்ததே, அதற்கு ஈடாக இன்றுவரை ஒன்று வரவில்லை. அதை வடிவமைத்த டேவிட், எலிசபெத் இம்மானுவேல் இருவரும் அப்போது படித்து முடித்துச் சில வருடங்களே ஆன இளைஞர்கள். அவ்வளவு பெரிய தேவாலயத்தில் ஒரு சின்னப் பெண் தொலைந்து போகக் கூடாது என்றால் உடை அவ்வளவு பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஊசிக்காரி:
இடத்துக்கு ஏற்ற அளவு என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்தத் தோகை விரிந்த காட்சி எனக்கும் பிடிக்கும். என் வருத்தமெல்லாம் துணியில். டஃபேட்டா விறைப்பான பட்டு, ஒரு தடவை மடிந்தால் மடிப்பு அப்படியே நிற்கும். அதை ஒரு கண்ணாடிக் குதிரை வண்டிக்குள், பக்கத்தில் அப்பாவும் உட்கார்ந்திருக்க, சுருட்டி அடைத்தால் கசங்காமல் எப்படி வரும்? மணப்பெண் வந்து இறங்கும் வண்டியின் அகலமும் அளவுக் குறிப்பில் இருக்க வேண்டும் என்று என்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்வேன்.

வெண்பனி:
யாரும் 1947ஐப் பற்றிப் பேசவில்லையே! பின்னாளில் ராணியான எலிசபெத்தின் கல்யாணத்தின்போது, உலகப் போர் முடிந்து இரண்டே வருடம், பிரிட்டனில் துணிக்கு ரேஷன். நாட்டுப் பெண்கள் தங்கள் கூப்பன்களை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்தவர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு என்பதால் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த நிலைமையிலும் வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னெல் அமெரிக்காவிலிருந்து பத்தாயிரம் குட்டி முத்துகளை வரவழைத்து வேலையை முடித்தார். பட்டுப்புழு எதிரி நாட்டுப் புழுவா என்ற கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சீனப் புழு என்றானதும்தான் பிரச்சினை அடங்கியது. என் ஓட்டு அவருக்கு.

மாலைநிலா:
எல்லாருக்கும் நன்றி. மேகன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், மூட்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று! அப்புறம் இன்னொன்று: எலிசபெத் ராணியின் பேத்தி யூஜினி முக்காடே போடாமல் முதுகு திறந்த கவுன் போட்டாரே, அது தைக்கச் சுலபமா?

ஊசிக்காரி:
சுலபமே இல்லை. முதுகு அவ்வளவு இறங்கினால் தோள்பகுதி இரண்டு பக்கமும் நழுவப் பார்க்கும். பாரம் முழுவதும் இடுப்பில் நிற்கும்படி உள்ளே இறுக்கமாகப் பட்டி வைக்க வேண்டும், அதற்கே பலமுறை போட்டுப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். யூஜினிக்குப் பன்னிரண்டு வயதில் முதுகெலும்பு வளைவுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. அந்தத் தழும்பு தெரிய வேண்டும் என்று அவரே கேட்டார். வடிவமைப்பாளர்கள் பீட்டர் பிலோட்டோவும் கிறிஸ்டோபர் டி வோஸும் கழுத்து மடிப்பைத் தோளைச் சுற்றிப் பின்னால் இறக்கி, தழும்பு முழுவதும் தெரியும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பின்பக்கப் படத்தைத் தேடிப் பாருங்கள்.