மாரல் லைசென்சிங்: ‘அறவரவு’ மட்டும் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘மாரல் லைசென்சிங்’ (moral licensing) என்ற உளவியல் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற பேச்சில் தேவகோட்டை அண்ணன் எழுதியது:

> ‘அறநெறி உரிமம்’ வேண்டாம், ‘அறவரவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. உரிமம் என்றதும் டிரைவிங் லைசென்ஸ்தான் ஞாபகம் வருகிறது. இங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். நல்லது ஒன்று செய்தாயிற்று, இனி சின்னதாக ஒரு விதியை மீறினால் குற்றமில்லை என்று மனம் தனக்குத்தானே விட்டுக்கொடுக்கிறது.

மகமைக்கு (வியாபாரத்தில் தர்மத்துக்கென ஒதுக்கும் தொகை) தனிக் கணக்கு எழுதிய நம் ஊர்க்காரர்களுக்கு ‘வரவு’ உடனே பிடித்துப்போகும். பழனிக்கு நடந்து போய்வந்த மறுவாரமே ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி விடுகிறவருக்கு அது பொருந்தவும் செய்யும். தெரிந்தேதான் மீறுகிறார், இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார். (பற்று வரவு என்று முழுதாகப் போனால் ‘அறப்பற்று’ வந்து நிற்கும். பொருளே தலைகீழ்!)

ஆனால் உளவியலாளர்கள் பெனுவா மொனின், டேல் மில்லர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. பெண்களை மட்டம்தட்டும் கூற்றுகளை மறுக்க முதலில் வாய்ப்புக் கிடைத்தவர்கள், அப்புறம் ‘இந்த வேலைக்கு ஆண்தான் பொருத்தம்’ என்று சொல்லக் கூடுதலாக முன்வந்தார்கள். “ரெண்டு பொண்ணுகளையும் படிக்க வச்சவன் நான்” என்று ஆரம்பித்து, “கடைக்கு ஆம்பளை ஆளாப் பாரு” என்று முடிக்கும் என் சித்தப்பா இந்த வகை. அவர் எதையும் செலவழிக்கவில்லை. பழைய செயல் அவர் கையில் நற்சான்றாக இருக்கிறது. அதைக் காட்டியபின், தான் பேசுவது பாரபட்சம் என்றே அவருக்குத் தோன்றாது. ‘வரவு’க்குள் இது அடங்காது.

ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆகவே முதல் வகைக்கு அறவரவு, அடுத்ததற்கு அறச்சான்று, இரண்டுக்கும் பொதுவாகத் ‘தற்சலுகை’ (தற்சார்பு போல).

சலுகையில் ஜவுளிக்கடை தள்ளுபடி வாடை அடிக்கிறதே என்பீர்கள். அடிக்கட்டும், இந்த விளைவின் அளவும் அவ்வளவுதான். 2015இல் இது பற்றிய 91 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குச் சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட விளைவே கிடைத்தது.

வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன். சர்க்கரை நோய் உள்ள எங்கள் அப்பத்தா, சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் முடித்துக் இனிப்பான கந்தரப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, “பட்டினி கிடந்தவளுக்கு இதுகூடவா?” என்றார். ‘அப்பத்தா தற்சலுகை எடுத்துக்கொண்டார்.’ எனக்கு நாக்கு இடறவில்லை. உங்களுக்கு?

காரைக்குடியிலிருந்து,
உங்கள் தம்பி