டார்வின் ஆர்க்கிட்: அடியிலை மஞ்சள், நுனி கருகல், வேர் பழுப்பு. காப்பாத்த முடியுமா?

பால்கனித்தோட்டம், கோவை:
டார்வின் ஆர்க்கிட் (ஆங்க்ரேகம் செஸ்கிபெடாலே), ஆறு ஜோடி இலை. ஐந்து மாதம் முன்னால் 8 இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி மாத்தினேன். கிழக்கு பார்த்த பால்கனி. தினமும் காலையில் போர் தண்ணி, வாரம் ஒருமுறை 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு ஸ்பூன். இப்போ அடியிலை இரண்டு மஞ்சள், மற்ற இலைகளின் நுனி கறுப்பு. புது வேர் வளரவே இல்லை. பூஞ்சைக்கொல்லி அடிக்கலாமா?

கரித்துண்டு:
மருந்து இப்போ வேண்டாம். வேரை விரலால் அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா பழுப்பானாலும் உயிர் இருக்கு. தோல் உருவிக்கிட்டு நடுவில் நார் மட்டும் நின்னா செத்தது. தண்ணியின் டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற உப்பின் அளவு) எவ்வளவு?

பால்கனித்தோட்டம், கோவை:
பார்த்தேன். 11 வேரில் 5 கொழகொழ. இரண்டு வேர் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கு. டி.டி.எஸ். 780.

கரித்துண்டு:
அப்போ இரண்டு தனித்தனிக் கோளாறு. வேர் அழுகலுக்குக் காரணம் கோகோபீட். இது மண்ணில் முளைக்கிற செடி இல்லை. மடகாஸ்கர் கிழக்குக் கடலோரக் காட்டில் மரப்பட்டையில் ஒட்டி வளர்வது. அங்கே மழை கொட்டும், ஆனா காற்று பட்டதும் வேர் உலர்ந்துடும். உங்க தொட்டியில் அது உலரவே இல்லை. நுனிக் கருகலுக்குக் காரணம் உப்பு: 780 தண்ணியோட லிட்டருக்கு 5 கிராம் உரம். அரை கிராமே தாராளம்.

தொட்டியை 20 நிமிடம் தண்ணியில் ஊற வையுங்க. சுவரில் ஒட்டிய வேரைப் பிய்க்காதீங்க, பிளாஸ்டிக்கைக் கத்தரியால் வெட்டி, ஒட்டின துண்டோடவே எடுங்க. பீட்டை ஓடும் தண்ணியில் அலசிட்டு, கொழகொழ வேரை மட்டும் தீயில் காட்டிய பிளேடால் வெட்டுங்க. வெட்டுவாயில் சமையல் பட்டைத்தூள் (இலவங்கப்பட்டை) தடவி ஒரு நாள் நிழலில் கிடக்கட்டும்.

6 இன்ச் மண்தொட்டி, பக்கத்திலும் ஓட்டை உள்ளது. அடியில் ஓட்டாஞ்சில்லு, மேலே 2–3 செ.மீ. அளவில் மரக்கரியும் பைன் பட்டையும் சரிபாதி. தூள் இருந்தா சலிச்சுக் கொட்டிடுங்க. தண்டைக் குச்சியோடு கட்டுங்க. செடி ஆடினா புது வேர் நுனி உரசிக் கருகும். முதல் தண்ணி நாலு நாள் கழிச்சு.

இலைநிழல்:
பட்டைத்தூளில் ஒரு திருத்தம்: வெட்டுவாயில் மட்டும், சிட்டிகை அளவு. நல்ல வேரில் பட்டா அதையும் வறட்டிடும்.

முதல் தண்ணிக்கு அப்புறம் நாள் கணக்கு வேண்டாம். வேர் பச்சையா இருந்தா ஈரம், வெள்ளி நிறத்துக்குத் திரும்பினா ஊத்தலாம். குருத்தில் தண்ணி தேங்கி ராத்திரி தங்கினா குருத்தழுகல் வரும், அப்புறம் செடி மிஞ்சறது கஷ்டம். சிறுவாணித் தண்ணி வந்தா அதையே பிடிச்சு வையுங்க, இல்லன்னா மழைத்தண்ணி. புது வேர் 3 செ.மீ. நீளும் வரை உரமே வேண்டாம்.

பால்கனித்தோட்டம், கோவை:
தொட்டியே வேண்டாம்னு மரப்பலகையில் கட்டிடலாமா, அக்கா?

இலைநிழல்:
கோவையில் வேண்டாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பலகையில் இருக்கும் வேர் ஒரு மணி நேரத்தில் காய்ஞ்சிடும். ஆறே வேர் உள்ள செடி தாங்காது. 50 சதவீத நிழல்வலை போதும், சித்திரை வெயிலில் மட்டும் 75.

பால்கனித்தோட்டம், கோவை:
பூ எப்போ எதிர்பார்க்கலாம்?

கரித்துண்டு:
இந்த ஆண்டு மறந்துடுங்க. இந்த இனத்துக்கு வேரைத் தொட்டாலே கோபம். ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு சும்மா நிற்கும். புது வேர் வந்தா சரியான வழியில் போறீங்கன்னு அர்த்தம்.

இலை தண்டோடு சேரும் இடுக்கில் முளைக்கிறது வேரா பூத்தண்டான்னு குழம்பும். வேர் நுனி உருண்டு மழமழன்னு இருக்கும்; பூத்தண்டு சற்றுத் தட்டையா, செதில் மூடியிருக்கும். மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீங்க, மொட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருப்பிக்கிட்டே இருக்கும், பூ கோணிடும். அப்போ வேர் முழுக்கக் காயவிட்டா மொட்டு மஞ்சளாகி உதிரும்.

பூ வெளிர்பச்சையா விரிஞ்சு பிறகுதான் வெள்ளையாகும். பகலில் மோந்து பார்த்துட்டு வாசமே இல்லைன்னு இங்கே வந்து கேட்காதீங்க :) வாசம் இருட்டினப்புறம்தான், ஏன்னா அது கூப்பிடறது ராத்திரி அந்துப்பூச்சியை. தேன்குழாய் சுமார் 30 செ.மீ. அதைப் பார்த்துத்தான் 1862-ல் டார்வின், அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் உள்ள பூச்சி மடகாஸ்கரில் இருக்கணும்னு எழுதினார். 1903-ல் அந்தப் பூச்சியை வகைப்படுத்திப் பெயர் வெச்சாங்க.

பால்கனித்தோட்டம், கோவை:
மண்தொட்டி வாங்கிட்டேன். மஞ்சள் இலையை இப்பவே கிள்ளிடவா?

இலைநிழல்:
வேண்டாம். அதில் இருக்கிற சத்தைச் செடி உறிஞ்சிட்டுத் தானே உதிர்க்கும். கறுத்த நுனியையும் வெட்ட வேண்டியதில்லை, பரவினா மட்டும் படம் போடுங்க.