அம்மாவுக்கு கிரான்பெர்ரி மாத்திரை: எந்த அளவைப் பார்த்து வாங்கணும்?

மன்னார்குடி மக:
அம்மாவுக்கு 58 வயசு, நடவுக்கும் களையெடுக்கவும் போறவங்க. இந்தக் குறுவையிலயே ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டாச்சு. மறுபடி வராம இருக்க கிரான்பெர்ரி குடுக்கலாம்னு சொன்னாங்க, ரெண்டு டப்பா வாங்கினேன். ஒண்ணுல "கிரான்பெர்ரி எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., பிஏசி 1.5%". இன்னொண்ணுல "பெர்ரி கலவை 600 மி.கி.", கிரான்பெர்ரி, புளூபெர்ரி, டி-மானோஸ்னு பேர் மட்டும் இருக்கு, எது எவ்வளவுன்னு இல்ல. 600 போட்டதுதான் நல்லதா?

கும்பகோணம் மருந்தாளுநர்:
500, 600-ஐ விடுங்கம்மா, அது தூளோட எடை. கிருமி சிறுநீர்ப்பையில ஒட்டாம தடுக்கிறது பிஏசி, அதாவது புரோஆன்தோசயனிடின். ஆய்வுகள்ல பெரும்பாலும் எடுத்துக்கிட்ட அளவு ஒரு நாளைக்கு 36 மி.கி. உங்க முதல் டப்பாவுல 500-க்கு 1.5% போட்டா 7.5 மி.கி.தான். 36 வரணும்னா தினம் அஞ்சு முழுங்கணும்! அதே 500-ல 7.2% இருந்தா ஒண்ணே போதும். அந்த அளவை டிமேக் (DMAC)ங்கிற பிஏசி அளக்கிற ஆய்வக முறையில பார்த்ததுன்னு போட்டிருக்கான்னும் பாருங்க. முறை மாறினா எண்ணும் மாறிடும்.

"50:1 சாறு"ன்னு, அதாவது 50 பங்கு பழத்தை 1 பங்கா சுருக்கினதுன்னு போட்டாலும் பிஏசி எவ்வளவுன்னு தெரியாது. கலவை டப்பாவை நான் வாங்கவே சொல்ல மாட்டேன். டி-மானோஸ்ங்கிறது ஒரு வகை சர்க்கரை; அதை தினம் 2 கிராம் குடுத்துப் பார்த்து 2024-ல வந்த இங்கிலாந்து ஆய்வுலயே பலன் தெரியல. உங்க கலவை மொத்தமே 600 மில்லிகிராம்.

இன்னொண்ணு, மனசுல பட்டதைச் சொல்றேன். என் கவுண்டருக்கு வர்ற வயல்வேலைப் பெண்கள் பாதிப்பேர் காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. கம்மியா தண்ணி குடிக்கிற பெண்களுக்கு தினம் ஒன்றரை லிட்டர் கூடக் குடுத்ததுல, இந்தத் தொந்தரவு வர்றது பாதியா குறைஞ்சுதுன்னு 2018 ஆய்வு ஒண்ணு சொல்லுது. அம்மா எவ்வளவு குடிக்கிறாங்கன்னு கேளுங்க.

திருவையாறு அக்கா:
அம்மா வார்ஃபரின்ங்கிற ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிட்டா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. சிறுநீரகக் கல் இருந்தாலும் கேட்டுக்கங்க. காய்ச்சல், குளிர், விலா வலி வந்தா மாத்திரைய நம்பி உக்காராம உடனே ஆஸ்பத்திரி. மாதவிலக்கு நின்னப்புறம் இது திரும்பத் திரும்ப வந்தா அதுக்குத் தனி க்ரீம் இருக்கு, பெண் டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்கு அதுலதான் நின்னுது.

மன்னார்குடி மக:
வார்ஃபரின், கல்லு ரெண்டும் இல்லக்கா. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன். தண்ணி பத்திக் கேட்டேன். "குடிச்சா வரப்புல எங்கடி ஒதுங்குறது?"ன்னாங்க. இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்ல. மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால கீத்துத் தட்டி வச்சு ஒரு மறைப்பு கட்டச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.