பழைய டீசல் கார் ஸ்டார்ட் ஆகத் திணறினால் முதலில் புகையைப் பாருங்கள்

முதல் பதிவு

பழைய டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் குற்றவாளி ஆக்கிவிடுவார். பல வண்டிகளில் அது உண்மையும்கூட. என் வண்டியில் அது உண்மையாக இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத, சுழல்வகை டீசல் பம்பு பொருத்திய நான்கு சிலிண்டர் கார் அது. இரவு முழுவதும் நின்றிருந்தால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கும். பிடித்த பின்னும் சில நொடிகள் குலுங்கித் தடுமாறி, அதன் பிறகுதான் சீராக ஓடும். பகலில் அணைத்துவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் எந்தத் தகராறும் இருக்காது. பணிமனையில் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். திணறல் அப்படியே தொடர்ந்தது.

செல்ஃப் சுழலும்போது சைலன்சரைக் கவனிக்க ஒருவரை நிறுத்திப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது. இன்ஜின் பிடிக்காமல் வெண்புகை மட்டும் வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரிவதற்கு வேண்டிய சூடு இல்லை என்று கொள்ளலாம். அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று நசுங்கும் அழுத்தம்), செல்ஃப் சுழலும் வேகம், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். புகையே இல்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு டீசல் வந்து சேரவில்லை. அங்கே எத்தனை புதிய பிளக் போட்டாலும் பயனில்லை. என் வண்டியில் தொடக்கத்தில் துளிப் புகையும் இல்லை, பிடிக்கும் தறுவாயில்தான் சற்று வெண்புகை எட்டிப் பார்த்தது.

இந்த வகைக் கார்களில் டேங்க் பம்பைவிடத் தாழ்வாக இருப்பதால், டீசலைப் பம்பு உறிஞ்சித்தான் எடுத்துக்கொள்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதைவிடக் காற்று உள்ளே புகுவதே அதிகம். இரவில் அந்தக் காற்று புகப்புக, குழாயில் நிற்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஆகவே தரையில் ஈரம் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டைப் பொருத்தினேன். மாலையில் அது நிறைந்திருந்தது. காலையில் விரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழி நின்றது.

அடுத்து, ஒரு சிறிய கேனில் சுத்தமான டீசலை ஊற்றிப் பம்பைவிட உயரத்தில் வைத்து, பம்பின் உறிஞ்சு ஹோஸை நேரே அதனுள் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் உடனே பிடித்திருந்தால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில் என்று முடிவு செய்திருக்கலாம். அப்போதும் திணறியதால், மிஞ்சியிருந்த ரிட்டர்ன் பக்கத்தை, அதாவது நாசில்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்களைப் பார்த்தேன். நாசில்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய ரப்பர் ஹோஸ்கள், மேலே நூல் பின்னல் இருந்ததால் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. முனையை நகத்தால் மடக்கியபோதுதான், நாசிலின் குழாய் முனையில் கவ்வியிருந்த இடத்தில் வட்டமாக ஓடிய மயிரிழை வெடிப்புகள் வாயைத் திறந்தன. அவற்றோடு கடைசி நாசிலில் இருந்த மூடியையும் மாற்றினேன். அதன் பிறகு குமிழி வருவதில்லை, காலையில் தொட்டவுடன் பிடிக்கிறது.

மறுமொழி 1

மேலே எழுதியவரின் கண்டுபிடிப்பு சரியானதே; ஆனாலும் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டாம். என் வண்டியில் வெண்புகை அடர்த்தியாக வந்தது. இன்ஜின் முதலில் இரண்டு சிலிண்டரில் மட்டும் டக்டக்கென்று ஓடி, மற்றவை பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. பிளக்குகளை இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றாமல் மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும், ஏனென்றால் அவை பக்க இணைப்பில் இருக்கின்றன. பட்டையை எடுத்துவிட்டுத் தனித்தனியே அளக்கையில் நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். செத்த பிளக்கில் சுற்றே முழுமையடையாது. எனக்கு இரண்டு பிளக்குகள் அப்படி இருந்தன.

டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவதை வைத்துப் பிளக்குக்கு மின்சாரம் போகிறது என்று நம்பிவிடவும் கூடாது. பல கார்களில் அந்த விளக்கு நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. ரிலேயும் பெரிய ஃபியூஸும் எரிந்துபோயிருந்தாலும் அது தன் பாட்டுக்கு எரிந்து அணையும். சாவியைத் திருப்பியதும் பட்டையில் 12 வோல்ட்டுக்கு அருகில் வருகிறதா என்று அளப்பதுதான் உறுதியான சோதனை.

மறுமொழி 2

எனக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறான வண்டி. குளிர்ந்த இன்ஜின் தொட்டவுடன் பிடிக்கும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டுச் சிறிது நேரம் நிறுத்தினால், அரை மணி நேரம் ஆறாமல் அசையாது. சூடான டீசல் நீர்த்துப்போகும். பம்பின் உள்ளே உருளும் பாகங்கள் தேய்ந்திருந்தால், செல்ஃபின் குறைந்த வேகத்தில், நாசிலைத் திறக்க வேண்டிய அழுத்தம் ஏறுவதற்கு முன்பே அந்த நீர்த்த டீசல் தேய்ந்த இடைவெளி வழியாகத் திரும்பிக் கசிந்துவிடுகிறது.

இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. வண்டி சூட்டில் திணறும்போது பம்பின் தலைப்பகுதியின் மேல் துணியைப் போர்த்தி, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு ஆறவிட வேண்டும். பம்பு ஆறியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டால், பம்பின் தேய்மானத்தை ஐயமின்றிக் குறை சொல்லலாம். இன்ஜின் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. உள்ளே இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பதால் திடீர்க் குளிர்ச்சியில் பாகங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். என் பம்பைக் கழற்றிப் பழுதுபார்க்கும்படி ஆயிற்று; வேறு சிக்கன வழி இந்தக் கோளாறுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மறுமொழி 3

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ 20 மடங்கு நசுக்குவதால் வரும் சூடுதான் எல்லாம். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், காற்றும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் ஓரமாகக் கசிந்துவிடும். என் காரில் புதிய பேட்டரி போட்டும் செல்ஃப் சோர்ந்தே சுழன்றது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒன்றரை வோல்ட் காட்டியது. எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கியதோடு வேலை முடிந்தது.

மறுமொழி 4

ஈதர் கலந்த ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதில் மகிழ்ச்சி. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் ரிங்குகளையும் உடைக்கும்.

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும் வெண்புகையும் திணறலும் நிற்காவிட்டால் கம்ப்ரஷனை அளந்துவிடுங்கள். சாதாரணப் பெட்ரோல் கேஜ் இதற்கு உதவாது. டீசலுக்குரிய கேஜ் வேண்டும். என் வண்டியில் மூன்று சிலிண்டர்கள் 27, 28, 27 பார் அழுத்தம் காட்டின. நான்காவது 19 மட்டுமே. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று பணிமனையில் சொன்னார்கள். அதற்கு முன் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொன்னேன். நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வு முழுவதும் மூடாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. இடைவெளியைச் சரிசெய்து மறுபடி அளந்தபோது 26 வந்தது. இன்ஜினைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.