பவுண்டன் பேனா மை: உங்கள் அனுபவம் என்ன?

மைக்கூடு:
அப்பாவின் சாகுபடிக் கணக்கு நோட்டு. போன மழையில் பரண் ஒழுகி நனைந்துவிட்டது. ராயல் ப்ளூ மையில் எழுதிய பக்கமெல்லாம் வெறும் நீலக் கறை, ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. நடுவில் சில பக்கங்கள் மட்டும் நீலக்கறுப்பு மை. அவையும் அதே தண்ணீரில் ஊறியவைதான். மூட்டைக் கணக்கு, கூலி பாக்கி எல்லாம் கருகருவென்று அப்படியே நிற்கின்றன! பழைய நீலக்கறுப்பு மைகள் பலவற்றில் இரும்பு உப்பு இருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும் என்று அப்புறம்தான் படித்தேன். மற்ற பக்கங்களில் அப்பா என்ன எழுதியிருந்தார் என்பது இனித் தெரியப்போவதில்லை.

ஒற்றைநிப்:
தாத்தாவின் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா. கறுப்பு மை கேட்டேன், கடைக்காரர் டிராயிங் மையைக் கொடுத்தார். "கறுப்புன்னா எல்லாம் ஒண்ணுதான் சார்." மறுநாளே எழுதவில்லை. பேனா ரிப்பேர் செய்யும் பெரியவர் நிப்பையும் அதன் அடிக்கட்டையையும் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். மை இறங்கும் காடி முழுக்கக் கறுப்புத் தோல். நகத்தால் கீறினார், செதில் செதிலாக உரிந்தது. "அரக்கு தம்பி. காய்ஞ்சா தண்ணிக்கு அசையாது." சுரண்டும்போது கட்டையின் ஓரம் உடைந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீலவால்:
மைக்கூடு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் இரும்பு மை வாங்க ஓடக் கூடாது. அதில் அமிலம் உண்டு. வாரக்கணக்கில் பேனாவில் விட்டுவைத்தால் ஸ்டீல் நிப் அரிக்கும். தினமும் எழுதி, அவ்வப்போது கழுவுகிறவர்களுக்குத்தான் அது சரி. நிறமித்துகள் கலந்த மைகளும் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் பேனாவிலேயே காய்ந்தால் பெரும்பாடு. இன்னொன்று, இரண்டு கம்பெனி மையைக் கலக்காதீர்கள். ஒன்று அமிலமும் மற்றொன்று காரமுமாக இருந்தால் அடியில் வண்டல் கட்டும். புது மையை ஒரு பழைய பேனாவில் ஊற்றி, நீங்கள் வழக்கமாக எழுதும் தாளிலேயே எழுதிப் பாருங்கள். மலிவான தாளில் எந்த மையும் மயிர்விட்டுப் பரவும், அதற்கு மையைத் திட்டிப் பயனில்லை.

என் அனுபவம் சிறியது. கொல்கத்தாவில் சுலேகா மை கேட்டேன். 1934-இல் சுதேசி மையாகத் தொடங்கியது, இடையில் பல வருடம் நின்றுபோய் மறுபடி வந்திருக்கிறது. ஜாதவ்பூரில் ஒரு நாற்சந்திக்கே அதன் பெயர்தான். பக்கத்தில் நின்ற முதியவர் என் புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒன்றும் சொல்லாமல் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

கசியும்பேனா:
நீலவால் சொல்வதெல்லாம் சரி, ஆனால் நம் ஊர்ப் பேனாவை மறந்துவிட்டார். ஃபில்லரால் நேரடியாக மை ஊற்றும் பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கினால், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். வீட்டுப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போடும்போது பெயரின் முதல் எழுத்து மேலேயே பொட்டென்று ஒரு சொட்டு. பத்திரம் எழுதுபவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. எவ்வளவு உயர்ந்த மையாக இருந்தாலும் இது நடக்கும். பாதி தீர்ந்ததும் நிரப்பிவிடுங்கள்.

ஒற்றைநிப்:
பத்திரத்துக்கு எந்த மை ஊற்றியிருந்தார்? ராயல் ப்ளூ இல்லையே?